வில்லங்கம் இல்லாத வீடு

வீடு வாங்கியபோது சேர்ந்த காகிதங்களில் எனக்கு இன்றும் வரி வரியாக ஞாபகம் இருப்பது வில்லங்கச் சான்றுதான், சொத்தின் மேல் பதிவானதையெல்லாம் வரிசையாகக் காட்டும் காகிதம். முப்பது வருடத்துக்குப் போட்டு எடுத்திருந்தோம். 1994-ல் ஒரு தானசெட்டில்மென்ட், 2001-ல் ஒரு கிரயம், 2009-ல் ஒரு அடமானம், 2014-ல் அந்த அடமானம் தீர்ந்ததற்கான ரசீது. மொத்தம் நாலே பதிவு. வங்கிக்காகச் சொத்தைப் பார்த்த வக்கீல் அதை ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, "ரொம்ப சுத்தமான பிராப்பர்ட்டி மேடம். ஒரு வில்லங்கமும் கிடையாது" என்றார். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அந்த வீட்டில் அப்போது நாலு பேர் குடியிருந்தார்கள். பத்தொன்பது வருடமாக. சான்றின் எந்த வரியிலும் அவர்கள் இல்லை.

மூன்று வருடமாக இதை எழுதப் பார்க்கிறேன். உட்கார்ந்தால், ஒன்று என்னை நானே கூண்டில் ஏற்றிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன். எழுதி முடித்துப் படித்தால் இரண்டுமே பொய்யாகத் தெரிகின்றன. போன மாதம் ஒருவர் கையில் மூன்று படிவத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

நாங்கள் வந்த வழி

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாலு வீடு மாறினோம். எல்லாமே புரசைவாக்கம், அயனாவரம், கெல்லீஸ் சுற்றுவட்டாரம்தான். ஒரு வீட்டுக்காரருக்குப் பையன் கல்யாணம், இன்னொருவர் இடித்துக் கட்டப் போகிறார், மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அதே அட்டைப்பெட்டிகள், அதே பீரோ, மாடிப்படித் திருப்பத்தில் அதே இடி. மூன்றாவது வீட்டைக் காலி செய்த அன்று என் மகள் அவள் வளர்த்த ஓமவல்லித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணில் நிற்கிறது. சொந்த வீடு என்று நான் ஆசைப்பட்டதெல்லாம் யாரும் 'காலி பண்ணுங்க' என்று சொல்ல முடியாத ஒரு கதவுக்குத்தான். பளிங்குத் தரையோ பால்கனியோ என் கனவில் வந்ததில்லை.

கையில் இருந்த காசுக்கும் வங்கி தரச் சம்மதித்த கடனுக்கும் சேர்த்து, நகருக்குள் எங்களுக்குக் கிடைத்தது பட்டாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. அறுநூறு சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவான மனை. கீழே இரண்டு அறை, ஒரு சமையலறை. மேலே சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. ஸ்ட்ராஹன்ஸ் சாலைக்கு நடந்துவிடலாம். ஓட்டேரி, பட்டாளம், பெரம்பூர் பாரக்ஸ் சாலை என்று மெட்ரோவின் இரண்டாம் கட்டம் இந்த வழியாகத்தான் பூமிக்கடியில் வருகிறது. புரோக்கர் அதை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொன்னார்.

இன்னொன்றையும் சொன்னார். "ஏரியா இப்ப முன்ன மாதிரி இல்ல மேடம். டீசன்ட் பீப்பிள் நிறைய வந்துட்டாங்க." அந்த வாக்கியத்தை நான் மறுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. உறவுக்காரர்கள் கேட்டபோது நானும் "புரசைவாக்கம் பக்கத்துல" என்றேன். பட்டாளம் என்றோ புளியந்தோப்பு பக்கம் என்றோ சொல்லவில்லை. இந்த ஊரில் வடசென்னை முகவரிக்கு என்ன மதிப்பு என்று எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அத்தை வீட்டு முகவரி போட்ட பையன்களை எனக்குத் தெரியும். கடன் அட்டைக்காக வீட்டைப் பார்க்க வந்தவர் தெரு முனையிலேயே திரும்பிப் போன கதையைப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். 'ஏரியா சரியில்லை' என்பவர்கள் பாதி நேரம் சொல்ல வருவது சாதியை. அதைச் சாதி என்று சொல்ல வாய் வராததால் ஏரியா என்கிறார்கள். நானும் அந்தப் பேச்சுக்கு நடுவில் வளர்ந்தவள்தான். புரசைவாக்கம் என்று என் நாக்கு தானாகப் புரண்டதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மில்லுக்குப் பின்னால்

எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பக்கிங்காம் கர்நாடிக் மில் இருந்த இடம் வந்துவிடும். ஊர் வாயில் பின்னி மில். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருப்பீர்கள்: 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த மில் தொழிலாளர்களால். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னால் நின்றார்கள், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். நிர்வாகம் வாடியா மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டதும், அதன் தொடர்ச்சியாக எழுந்த குரல்கள் 1926-ன் தொழிற்சங்கச் சட்டம் வரை போனதும் பாடப்புத்தகத்தில் இருக்கும். பாடப்புத்தகம் வேகமாகக் கடந்துபோகும் பகுதி 1921. அந்த வருட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். வேலைக்குப் போன ஆதிதிராவிடர்கள் ஒரு பக்கம், வேலைநிறுத்தத்தில் நின்ற சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் இன்னொரு பக்கம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. உழைக்கும் மக்கள் பகுதி என்று சொன்னவுடன் ஒற்றுமையான, பாசமான ஒரு பழைய உலகத்தைக் கற்பனை செய்துகொள்ளும் பழக்கம் என்னைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு உண்டு. நாங்கள் வந்துதான் அது கெட்டது என்று வருத்தப்படுவதிலும் ஒரு கர்வம் ஒளிந்திருக்கிறது. இந்தத் தெருக்களுக்குத் தங்களுடைய சண்டைகளும் காயங்களும் எங்களுக்கு வெகுமுன்பே இருந்தன.

1996-ல் மில் மூடியது. அதன் பிறகு வெகுகாலம் அந்த வளாகம் சினிமா சண்டைக் காட்சிகளுக்குத்தான் பயன்பட்டது. வேலை போன குடும்பங்களின் பிள்ளைகள் சுவருக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்ததாகச் சொல்வார்கள். பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. இப்போது எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடங்கள்தான் முதலில் கண்ணில் படும்.

பம்பாயிலும் பருத்தி மில்கள் மூடின. அங்கே 1991-ல் வந்த விதிப்படி, மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு பொது வீடுகளுக்கு, ஒரு பங்கு திறந்தவெளிக்கு, மீதிதான் முதலாளிக்கு. 2001-ல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்று சுருக்கினார்கள். 2006-ல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. அப்படிச் சுருங்கிய பிறகும் மில் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு பகுதிக்குக் குலுக்கல் முறையில் வீடு கிடைத்தது. தூக்கம் வராத இரவுகளில் நான் இதையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். அந்த நிலத்தில் இவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது என்று யாராவது எங்காவது ஒரு விதியாக எழுதிவைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நாங்கள் வாங்கிய வீட்டில் குடியிருந்த அக்காவின் மாமனார் அந்த மில்லில் வேலை பார்த்தவர். ஸ்பின்னிங். மில் சங்கு ஊதினால் தெருவே எழுந்துகொள்ளும் என்று அக்காவின் மாமியார் சொன்னார். மில் இருந்ததால் அந்தக் குடும்பம் இங்கே வந்தது. மில் போன பிறகும் இருந்தது. மகன் ஆட்டோ ஓட்டினார். மில் நிலம் அடுக்குமாடியானபோதுதான் இந்தத் தெருவின் விலை ஏறியது. வீட்டுக்காரர் விற்றார். நாங்கள் வாங்கினோம்.

'ஓனர்கிட்ட கேளுங்க'

2022 நவம்பரில் கடன் ஒப்புதல் கடிதம் வந்தது. அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். விற்பவர் குடும்பத்தில் யாருக்கோ அவசரப் பணத்தேவை. வீட்டைக் 'காலி சுவாதீனமாக' ஒப்படைப்பது என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவள் நான்தான். வக்கீல் வற்புறுத்தவில்லை. குடித்தனக்காரர் உள்ளே இருக்கும் வீட்டை வாங்கி வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் கதையை அலுவலகத்தில் கேட்டிருந்தேன். அந்தப் பயம்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அளவு எடுப்பதற்காக நான் மட்டும் போயிருந்தேன். அக்கா எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்தக் குழாயை முதலில் திறக்க வேண்டும், சம்ப் மூடியின் எந்த ஓரத்தில் கால் வைக்கக்கூடாது, மாடிப்படியில் நாலாவது படி ஏன் உயரமாக இருக்கிறது, எல்லாம் சொன்னார். என் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகக் கூடவே வந்தார். தன்னைக் காலி செய்யவைத்துவிட்டு வரப்போகிறவளுக்குத் தன் வீட்டை அளந்து கொடுத்தார் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவேயில்லை. பின்னால்தான் உறைத்தது.

அளந்து முடித்துக் கிளம்பும்போது வாசல்படியில் வைத்துக் கேட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பையன் பிளஸ் டூ. மார்ச்சுல பரிட்சை. ஏப்ரல் மொத வாரம் முடிஞ்சிரும். அதுவரைக்கும் டைம் கெடைக்குமா? வாடகைய உங்க கையிலயே குடுத்திடறோம்."

ஏப்ரல் முதல் வாரம். வெறும் மூன்றரை மாதம். அதற்குள் எனக்குள் ஓடிய கணக்கை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். கடன் ஒப்புதல் பிப்ரவரியில் காலாவதி. பதிவு முடிந்த அன்றிலிருந்து தவணை ஆரம்பம், இருக்கும் வீட்டுக்கு வாடகை வேறு. முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம் என்று கட்டிய பிறகு கையில் எதுவும் மிஞ்சாது. பதிவுக்குப் பிறகும் அவர்கள் உள்ளே இருந்து, ஏப்ரலிலும் போகாவிட்டால்? எல்லாம் நியாயமான கவலைகள்தான். ஆனால் அந்தக் கணக்கில் மூன்று மாத வாடகைச் சுமையை எங்களால் தாங்கியிருக்க முடியும் என்பதும் இருந்தது. நகையில் ஒன்றை வைத்திருந்தால் போதும். அதையும் அந்த நொடியில் எண்ணிப் பார்த்தேன்.

எனக்கு முடியும் என்றும் சொல்லியிருக்கலாம், முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "ஓனர்கிட்ட கேளுங்க அக்கா."

அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "ஓனரு உங்கள கேக்க சொன்னாரு மேடம்."

நான் ஏதோ முணுமுணுத்தேன். பேங்க், லோன், தேதி. அக்கா தலையாட்டினார். "பரவால்ல மேடம், பாத்து போங்க" என்று தெருவிளக்கு வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். வாங்குபவரும் விற்பவரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்ட, நடுவில் ஒரு குடும்பம் நிற்க இடமில்லாமல் நின்றது. யாரும் அவர்களை வெளியேற்றவில்லை. யாரும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. 2023 ஜனவரி கடைசியில் அவர்கள் செங்குன்றத்துக்குப் போனார்கள். பையன் அங்கிருந்து தினமும் பஸ் ஏறி இங்கே இருக்கும் பள்ளிக்கு வந்துதான் பரிட்சை எழுதினான்.

அவர்களுக்குச் சட்டம் ஏதாவது துணையாக இருந்திருக்குமா என்று பின்னால் பார்த்தேன். 1960-ன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் எழுத்துபூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. ஒப்பந்தம் போடத் தவறியதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகவும் அதில் இருக்கிறது. அக்கா வீட்டில் ஒப்பந்தம் என்று இருந்தது, 2003-ல் அட்வான்ஸ் வாங்கியதற்கு ஒரு நோட்டுப் பேப்பரில் எழுதிய நாலு வரி. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத முன்பணம்தான் வாங்கலாம் என்று சட்டம் பேசுகிறது. இந்தத் தெருவில் இன்றும் பத்து மாதம் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள்.

எங்கள் விலை

1964-ல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர், லண்டனின் உழைக்கும் மக்கள் பகுதிகளில் நடுத்தர வர்க்கம் ஒவ்வொரு வீடாக வாங்கி நுழைவதையும் பழைய குடிகள் வெளியே போவதையும் பார்த்து, அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் வைத்தார். தமிழில் 'மேட்டுக்குடியாக்கம்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை முதலில் படித்தபோது, இது நானில்லை என்று தள்ளிவைத்தேன். மாதச் சம்பளக்காரி, இருபது வருடக் கடன்காரி, எந்த மேட்டில் ஏறினேன்? சென்னையில் ஏழைகள் இடம்பெயர்வது என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது புல்டோசர்தான். கூவம் கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கிய காட்சிகள். அதைப் பற்றிப் போராட்டம் உண்டு, அறிக்கை உண்டு, கோர்ட் உண்டு. ஒரு குடும்பம் தானாகவே வேன் பிடித்துச் செங்குன்றம் போவதற்கு அப்படி எதுவும் இல்லை. அது செய்தியே இல்லை.

குடிவந்து ஏழெட்டு மாதம் இருக்கும். முனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர் துணியை எண்ணிக்கொண்டே சொன்னார்: "உங்க வூட்டு ரேட்ட சொல்லித்தாம்மா எங்க ஓனரு வாடகய ஏத்தினாரு. 'அந்த பழைய வூடே இவ்ளோவுக்கு போயிருக்கு, நீ இன்னும் நாலாயிரமே குடுத்துனு இருந்தா எப்டி'ன்றாரு." குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் வந்தது. மனசு கனத்துப்போனது. நாங்கள் கொடுத்த விலை எங்களோடு முடிந்துவிட்ட விஷயம் என்று நினைத்திருந்தேன். அது தெருவில் இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒவ்வொருவர் வாடகையையும் விசாரித்துக்கொண்டு போயிருக்கிறது. அக்கா குடும்பத்தோடு கணக்கு முடிந்தது என்று என்னால் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் நான் எழுதுவது நியாயமாகாது. இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி. நானூறு சதுர அடியில் சொந்த வீடு, கணவர் மில்லிலிருந்து வந்த காசில் வாங்கியது. விலை ஏறியதில் அவருக்குச் சந்தோஷம். "வாழ்நாள் பூரா இந்த எடத்த எவனும் மதிக்கல. இப்ப எவ்ளோ கேட்டாலும் குடுக்கறான்" என்றார். அந்த வீட்டை வைத்துத்தான் பேத்திக்கு நர்சிங் படிக்கக் கடன் வாங்கியிருக்கிறார். அவரிடம் போய் விலை ஏறுவது தவறு என்று நான் எந்த வாயால் சொல்வேன்? இத்தனை காலம் ஏரியாவின் பெயரைச் சொல்லியே அவர் சொத்தைக் குறைத்து மதிப்பிட்ட ஊர்தானே இது.

ஆனால் சாக்கடை விஷயத்தில் எனக்கு ஆறவேயில்லை. எங்கள் தெருவில் மழைக்காலம் தோறும் கழிவுநீர் மேலேறி வாசலில் நிற்கும். பத்து வருடத்துக்கு மேல் மனு கொடுத்து அலைந்ததாகத் தெருக்காரர்கள் சொல்கிறார்கள். மனு நகல்களை ஒருவர் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார், நானே பார்த்தேன். எதிரே புது அடுக்குமாடி வந்து, அதன் சங்கத்தார் ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பிப் படத்தையும் இணையத்தில் போட்டார்கள். ஒன்பதாம் நாள் ஆட்கள் வந்து தோண்டிக் குழாய் மாற்றினார்கள். தெருவே மகிழ்ச்சியாக வேடிக்கை பார்த்தது. கவரை வைத்திருந்தவர் மட்டும் பேசாமல் நின்றார். நாங்கள் வந்ததால் தெரு முன்னேறியது என்று சிலர் சொல்லும்போது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது. இதே சாக்கடை, இதே நாற்றம், இதே மனு. யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது மட்டும்தான் மாறியது. குழாய் மாறிய பிறகு தெரு இன்னும் நன்றாகிவிட்டது என்று இன்னொரு வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார்.

அதே சங்கத்தார் போன வருடம் தெருவிளக்கடியில் இரவு பத்து மணிவரை கேரம் ஆடும் பையன்கள் மேல் ஒரு புகார் எழுதி, என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். என் மகளுக்குப் பரிட்சை நேரம். சத்தம் எனக்கும் தொந்தரவுதான். இருந்தாலும் போடவில்லை. போய்ப் பையன்களிடம் பேசினேன். "ஒம்பதரைக்கு முட்ச்சிக்கிறோம் ஆண்ட்டி" என்றார்கள், முடித்துக்கொண்டார்கள். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பேசினால் நடக்கிற ஒன்றுக்கு ஏன் போலீசுக்கு எழுதத் தோன்றுகிறது என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

மூன்று படிவம்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, எங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தார். எங்கள் படிவங்களைக் கொடுத்த பிறகு, இதே கதவு எண்ணுக்கு இன்னும் மூன்று படிவம் இருப்பதாகச் சொல்லிக் காட்டினார். அக்கா, அவர் கணவர், மாமியார். சின்னச் சதுரத்துக்குள் அக்காவின் பழைய படம். "இவங்க இங்க இருக்காங்களா மேடம்? இல்லன்னா 'இடம்பெயர்ந்தவர்'னு போட்டுக்கறேன்."

அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். "ஒரு நிமிஷம் இருங்க" என்று உள்ளே போய், மூன்று வருடமாக என் போனில் வெறும் எண்ணாக இருந்ததை அழைத்தேன்.

அக்கா உடனே எடுத்தார். பெயர் சொன்னதும், "தண்ணி ஒழுங்கா வருதா மேடம்?" என்றுதான் முதலில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ, பேர எடுத்துட போறாங்க, ஞாயித்துக்கிழம வந்து பாக்கறேன்னு சொல்லுங்க மேடம். அத்த பேரு மட்டும் எடுத்துக்கட்டும். போன வருஷம் ஆடில போயிட்டாங்க." மில் சங்கைப் பற்றி என்னிடம் சொன்ன அந்த அம்மா. அவர் இறந்ததை, அவர் இருபது வருடம் வாழ்ந்த தெருவில் யாரும் அறிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் பையனும் வந்தார்கள். பையன் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில் கடைசி வருடம். அலுவலரிடம் பேசிவிட்டார்கள், புது முகவரியில் சேர்த்துக்கொள்ள என்ன படிவம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். காபி குடித்தார்கள். இந்த முறை ஸ்டூலில் உட்கார்ந்தது அக்கா. பேச்சோடு பேச்சாக, கணவருக்கு ஆட்டோ சவாரி எல்லாம் புரசைவாக்கத்தில்தான், தினம் செங்குன்றத்திலிருந்து வந்துபோவதில் கேஸிலேயே காசு போய்விடுகிறது என்றார். பிறகு மேலே பார்த்தார்.

"மாடி ரூம் காலியா தான கீது மேடம்? வாடகைக்கு வுடுவீங்களா?"

ஓனரிடம் கேளுங்கள் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. அப்படியும் என் வாயிலிருந்து வந்தது, "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன் அக்கா." அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் பழைய வாசல்படி இருந்ததா, இல்லை எனக்குத்தான் அப்படிப் பட்டதா, தெரியாது.

கிளம்பும்போது வாசலில் நின்று, "மேல வடக்கு மூலைல ஷீட்டு ஆணி வழியா ஒழுகும். பக்கெட்டு ஒண்ணு வெச்சிடுங்க" என்றார்.

அன்று ராத்திரி நானும் என் கணவரும் பேசினோம். வாடகைக்கு விடுவதில் அவருக்கு மறுப்பில்லை. தெருவில் இப்போது அந்த மாதிரி அறைக்கு ஆறாயிரம் என்றார். கீழே மொத்த வீட்டுக்கும் சேர்த்து அக்கா கொடுத்துக்கொண்டிருந்ததே ஐயாயிரத்து ஐந்நூறு. நாலாயிரம் போதும் என்றேன். அதில்கூடச் சமாதானம் ஆகிவிட்டது. சண்டை வந்தது ஒப்பந்தத்தில். அவர் எல்லாரையும் போலப் பதினொரு மாதம் என்றார். நான் மூன்று வருடம் என்றேன். ஓராண்டுக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். "நாளைக்கு ஒரு அவசரத்துக்கு வித்தாலோ மேல்கடன் கேட்டாலோ எவன் சுத்தமான சொத்துன்னு சொல்லுவான்? ரூம் குடு, வாடகையக் கொறச்சுக்கோ, எல்லாம் சரி. வில்லங்கத்துல ஏன் ஏத்தணும்?" என்றார். ஏற வேண்டும் என்பதுதான் எனக்கு. அந்தக் காகிதத்தில் ஐந்தாவது வரியாக. அடுத்து யாராவது டேப்போடு அளக்க வந்தால், உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று அவர்கள் படித்துவிட்டு வரட்டும். இதை நான் தைரியமாகச் சொன்னேன் என்றாலும், விற்க வேண்டிய அவசரம் என்று அவர் சொன்னபோது என் வயிற்றிலும் ஏதோ பிசைந்தது. இன்னும் முடிவாகவில்லை. அக்காவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு, நாலாவது படியில் காலைத் தூக்கி வைத்து ஏறிப் போய்ப் பார்த்தேன். வடக்கு மூலையில், ஆணி வழியாக, சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து பக்கெட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினேன்.